பன்னிரண்டாம் மாடியின் பத்து ஓட்டுகள்

எனக்குச் சங்கத் தலைவர் பதவியும் வேண்டாம், செயலாளர் பதவியும் வேண்டாம். எனக்கு வேண்டியிருந்தது இரண்டே இரண்டு நோட்டுப் புத்தகங்கள். ஒன்று லிப்ட் பழுதுப் பதிவேடு. இன்னொன்று சங்கக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகம். இரண்டும் சங்க அறையில் மச்சானின் மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடந்தன. சாவி மச்சான் இடுப்பில் தொங்கியது.

மச்சான் என்றால் பில்டருக்கு மச்சான். நாளாவட்டத்தில் கட்டடம் முழுக்க அவனுக்கு அதே பெயர் ஆகிவிட்டது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் உரிமையாளர் சங்கத்துக்குப் பில்டர் தலைவர், மச்சான் செயலாளர். லிப்ட் பராமரிப்பு ஒப்பந்தமும் மச்சானுக்கே. வேலியே பயிரை மேய்ந்த கதை என்பார்கள். இங்கே வேலியும் அவர்கள், மாடும் அவர்கள், பயிர் மட்டும் நாங்கள். வீடுகளை விற்று முடித்ததும் சங்கத்தை உரிமையாளர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டியவர் பில்டர். ஆறு வருடமாகியும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

போன வருடம் லிப்ட் பதினோரு நாள் ஓடாமல் நின்றது. பதினோராவது நாள் காலை பத்து மணிக்கு என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாங்கள் இருப்பது பத்தாம் மாடி. ஆம்புலன்ஸ் ஆறே நிமிடத்தில் வந்து வாசலில் நின்றது. ஆனால் ஸ்ட்ரெச்சர் படிக்கட்டுத் திருப்பத்தில் திரும்பவில்லை. சாப்பாட்டு மேசை நாற்காலியில் அவரை உட்காரவைத்து, என் புடவையால் கட்டி, நாலு பேர் தூக்கி இறங்கினார்கள். நான் செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே ஓடினேன். மூன்றாம் மாடியில் அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அத்தோடு சரி.

அவர் போன மறுநாளே லிப்ட் ஓடியது. ஐந்தாம் நாள் பில்டர் அதே லிப்டில் ஏறித் துக்கம் விசாரிக்க வந்தார்.

"எல்லாம் விதிம்மா. லிப்ட் ஓடியிருந்தா மட்டும் வர்ற சாவு நிக்கவா போகுது?" என்றார்.

விதி வந்து இந்த ஆளைக் கவனிக்கட்டும் என்று நான் காத்திருக்கத் தயாராக இல்லை. அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். அழுகைகூட அதற்கப்புறம் வரவில்லை.

காவல் நிலையத்தில் அதிகாரி நல்லபடியாகத்தான் பேசினார். "லிப்ட் கெட்டுப்போகும்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியும்னு காட்டணும்மா. சங்கத்துப் புக்கக் கொண்டாங்க, கேஸ் நிக்கும்" என்றார். மச்சானிடம் போய்க் கேட்டேன். "அது நிர்வாகிங்களுக்கு மட்டும்தான்க்கா" என்று பல்லை இளித்தான்.

சரி, நிர்வாகி ஆகிவிடுவோம் என்று, அடுத்து வந்த சங்கத் தேர்தலில் நின்றேன். தரைத்தளத்தில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் தலைவருக்கு, நான் செயலாளருக்கு. நேரில் வர முடியாத பதினாலு பேர், தங்கள் ஓட்டு எங்களுக்கென்று ஒப்புதல் கடிதம் கொடுத்திருந்தார்கள். சாட்சியின் முகவரி எழுதவில்லை என்று பில்டர் பதினாலையும் தள்ளிவிட்டார். திருத்தித் தருகிறோம் என்றோம். "தேர்தலுக்கு மூணு நாள் முன்னாடியோட திருத்தம் முடிஞ்சதுங்க. சட்டம் சட்டம்தானே?" என்று சிரித்தார். அந்த விதியை எழுதியவரும் அவர்தான்.

அவர் பக்கம் மட்டும் பத்து கடிதங்கள் சுத்தமாக வந்திருந்தன. உச்சியில் இருக்கும் பன்னிரண்டாம் மாடியின் பத்து வீடுகளும் வெளிநாட்டிலிருக்கும் அவருடைய சொந்தக்காரர்கள் பெயரில் இருந்தன. அந்தச் சொந்தங்களின் முகத்தை ஈ, எறும்புகூடப் பார்த்ததில்லை. நாங்கள் தோற்றோம்.

தீர்ப்பாயத்துக்குப் போனோம். பல் டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு எத்தனையோ நாள் என்னோடு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். ஒரு வருடம் இழுத்து, கடைசியில் தீர்ப்பாயம் தன் பார்வையாளரை வைத்து மறுதேர்தல் நடத்தச் சொன்னது. விதிகள் மட்டும் பழைய விதிகளே.

நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் நகல் எடுக்கும் வேலை பார்த்தவள். பத்திரத்தைப் பின்னாலிருந்து படிப்பதுதான் என் பழக்கம். முன்பக்கமெல்லாம் இன்னாருக்கு இன்னார் என்ற அலங்காரம். கடைசியில் இருக்கும் சொத்து விவரத்தில்தான் உயிர் இருக்கிறது. ஊரார் பத்திரத்தையெல்லாம் அப்படிப் படித்தவள், எங்கள் வீட்டுப் பத்திரத்தை மறுதேர்தலுக்கு இரண்டு வாரம் முன்புதான் பிரித்தேன். கூட்டத்துக்கு நகல் வேண்டும் என்பதற்காக.

சொத்து விவரத்தில் எங்கள் வீடு ஒன்பதாம் தளம் என்று இருந்தது.

நகல் எழுதியவனை முதலில் திட்டினேன். அப்புறம் போய்ப் பதிவான வரைபடத்தின் பிரதியை வாங்கினேன். தரைத்தளத்துக்கு மேல் மொத்தம் பதினோரு தளங்கள். லிப்டில் ஏறிப் பொத்தான்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். ஏழுக்கு அடுத்து ஒன்பது! இத்தனை வருடமாகப் பத்தைத் தவிர வேறு பொத்தானைப் பார்க்காதவள் நான். எட்டு என்றால் ராசியில்லை, எவனும் வாங்க மாட்டான் என்று பில்டர் கதவிலும் லிப்டிலும் எட்டையே எடுத்துவிட்டிருக்கிறார். வரைபடம் போட்ட எஞ்சினியருக்கு அந்தப் பயம் இல்லை. உள்ளதை உள்ளபடி எண்ணியிருக்கிறார். ஆக, பத்திரப்படி பன்னிரண்டாம் மாடி என்று ஒன்று இந்த உலகத்திலேயே கிடையாது. எனக்கு லிப்டுக்குள்ளேயே சிரிப்பு வந்தது. வருடத்தில் முதல் சிரிப்பு.

பல் டாக்டரிடம் மட்டும் சொன்னேன். "தேர்தல் வரைக்கும் வாயத் தொறக்காதீங்க டாக்டர்" என்றேன். "ஊர் வாயத் தொறக்க வைக்கிறதுதான் என் தொழில், என் வாய மூடறது கஷ்டமா?" என்றார். எங்கள் ஆட்களைக் கடிதம் வேண்டாம், பத்திர நகலோடு நேரில் வாருங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிவைத்தோம்.

தேர்தல் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. பார்வையாளர் ஒரு பெண் வக்கீல். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மச்சான் பத்து கடிதங்களை விசிறி மாதிரி விரித்து மேசையில் வைத்தான். நான் எழுந்தேன்.

"மேடம், அதுல எந்த மாடின்னு போட்டிருக்கு?"

"பன்னிரண்டாம் மாடி."

"கடிதத்துல வீட்டு விவரம் பத்திரத்துல உள்ளபடி இருக்கணும்னு சங்க விதி சொல்லுது. பதிவான வரைபடம் இந்தாங்க. பன்னிரண்டாம் மாடி எங்க இருக்குன்னு காட்டச் சொல்லுங்க."

பார்வையாளர் வரைபடத்தைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், மறுபடி வரைபடத்தைப் பார்த்தார். பில்டர் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "என்னம்மா இது, லிப்ட்ல ஏறிப் பாருங்க, பன்னெண்டு இருக்கே!"

"லிப்ட் பட்டன் பத்திரம் ஆகாதுங்க" என்றார் பார்வையாளர்.

"சின்னப் பிசகு மேடம், இப்பவே திருத்தித் தர்றோம்."

"திருத்தம் மூணு நாள் முன்னாடியோட முடிஞ்சது" என்றேன். "சட்டம் சட்டம்தானே?"

பின்வரிசையில் யாரோ, "கட்டினவருக்கே எத்தன மாடின்னு தெரியலப்பா" என்றார்கள். கார் நிறுத்துமிடமே சிரித்தது. பில்டர் முகத்திலிருந்து சிரிப்பு இறங்குவதை நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். நல்ல சாப்பாடு சாப்பிட்ட மாதிரி இருந்தது எனக்கு. பார்வையாளர் பத்து கடிதங்களையும் தள்ளிவிட்டார். முப்பத்தெட்டுக்கு முப்பத்து மூன்று. ஜெயித்தோம்.

எல்லோரும் பல் டாக்டரைச் சுற்றிக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மச்சானிடம் கை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு நேரே சங்க அறைக்குப் போனேன்.

லிப்ட் பதிவேட்டில் பதினோரு நாளும் புகார் எழுதியிருந்தது. பதினோரு நாளும் மச்சான் பார்த்ததாகக் கையெழுத்து. தீர்மானப் புத்தகத்தில், அதற்கு இரண்டு மாதம் முன்பு நடந்த கூட்டம். லிப்ட் மோட்டார் எந்த நேரமும் நிற்கலாம், உடனே மாற்றவும் என்று லிப்டைத் தயாரித்த கம்பெனி எழுதிய கடிதம் வாசிக்கப்பட்டது. முகப்புக்கு வண்ணம் அடித்து முடித்தபின் மாற்றலாம் என்று தீர்மானிக்கப்பட்டது. கீழே மூன்று கையெழுத்துகள். பில்டர். மச்சான். மூன்றாவது என் வீட்டுக்காரர்.

நிர்வாகத்தில் பெயருக்கு ஓர் உரிமையாளர் இருக்க வேண்டும் என்று பில்டர் அந்த வருடம் அவரைப் பிடித்துப் போட்டிருந்தார். மனுஷர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போவார். டீ கொடுத்தார்கள், மரியாதையாக நடத்தினார்கள் என்று வந்து சொல்வார். என்ன பேசினார்கள் என்று கேட்டால், "அதெல்லாம் அவங்க பாத்துப்பாங்க" என்பார். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! பாவி மனுஷா, உன் சாவுக்கு நீயே கையெழுத்துப் போட்டாயா?

வாசலில் பில்டர் நின்றிருந்தார். உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தணித்துப் பேசினார்.

"பாத்துட்டீங்களா? அந்த ஒரு பக்கத்தக் கிழிச்சுடலாம்மா. செத்தவரு பேரு ஏன் கெடணும்? புள்ளைங்க இருக்காங்க, நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

என் கை அந்தப் பக்கத்தின் மேல் இருந்தது. கிழித்தால் என் வீட்டுக்காரர் நல்லவராகவே இருப்பார். பில்டரும் நல்லவராகவே இருப்பார். புத்தகத்தை மூடி, லிப்ட் பதிவேட்டையும் சேர்த்து முந்தானைக்குள் வைத்து, பில்டரைத் தள்ளிவிட்டு வெளியே வந்தேன்.

காவல் நிலையத்தில் எழுத்தர் பக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ரெண்டு பேரு தெரியுது. மூணாவது யாரும்மா?"

"என் வீட்டுக்காரர்."

பேனாவை எடுத்தவர் தயங்கினார். "இறந்தவரு பேர விட்டுட்டு எழுதிக்கட்டுமா?"

"மூணு கையெழுத்து இருந்தாத்தான் அது தீர்மானம். ஒண்ணு கொறஞ்சா அவங்க ரெண்டு பேரும் தப்பிச்சுடுவாங்க" என்றேன். "முதல்ல அவர் பேர எழுதுங்க."