வெயிலைத் தின்ற எட்டு எழுத்து

காளிராஜ் முதலாளிக்கு இரண்டு லாரி, ஒரு பஸ், பதினேழு பட்டம். லாரியும் பஸ்ஸும் மாதத்தில் பாதி நாள் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும். பட்டங்கள் அப்படியில்லை, ஒன்றுகூட இதுவரை ரிப்பேர் ஆனதில்லை. பள்ளிக்கூடத்துக்கு மணி வாங்கிக் கொடுத்ததற்கு ‘கல்விக் கண்’. ஆடித் தபசுக்கு ஒருநாள் மோர்ப்பந்தல் போட்டதற்கு ‘தாகம் தீர்த்த தங்கம்’. சங்கரன்கோவில் வட்டாரத்தில் அவர் கொடுத்த பொருளைத் தேட வேண்டியதில்லை. ‘உபயம் காளிராஜ்’ என்பது முதலில் கண்ணில் படும். அதற்குப் பின்னால் எங்கேயாவது பொருள் இருக்கும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஊரில் கொடுக்காமலே பட்டம் வாங்கியவர்கள் உண்டு. காளிராஜ் கொடுத்துவிட்டுத்தான் வாங்குவார்.

எண்பத்தாறாம் வருஷம் புரட்டாசியில் அவர் பார்வை, குருவிகுளம் ரோட்டில் இருக்கும் மேலச்சருகுபட்டி மிஷன் மருந்தகத்தின் மேல் விழுந்தது. அரசாங்கத்தின் ஏதோ ஒரு சோதனைத் திட்டத்தில் அந்த மருந்தகத்துக்கு வெயிலைக் கரண்டாக்கும் கண்ணாடித் தகடு எட்டும், அதில் ஓடுகிற தடுப்பு மருந்து ஃபிரிட்ஜ் ஒன்றும் வந்திருந்தன. கூட வந்த தாளில் கடைசி வரி: ‘பேட்டரி உள்ளூர் ஏற்பாடு.’

முதலாளி உள்ளே நுழைய அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

மருந்தகத்து நர்ஸ் மார்த்தாளுக்கு வேண்டியது ஃபிரிட்ஜ் ஒன்றுதான். பதினோரு வருஷமாக ஒவ்வொரு புதன்கிழமையும் முதல் பஸ்ஸில் சங்கரன்கோவில் போய், பெரிய ஆஸ்பத்திரியில் தடுப்பு மருந்து வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு திரும்புவாள். பஸ் காளிராஜுடையது. நேரத்துக்கு வந்தால் பெட்டியில் ஐஸ் இருக்கும். வழியில் படுத்துவிட்டால் வெந்நீர் இருக்கும். அன்றைக்கு மருந்தைக் கீழே கொட்டிவிட்டு, பிள்ளைகளோடு காத்திருக்கும் தாய்மாரிடம் “அடுத்த புதன் வாங்கம்மா” என்று சொல்ல வேண்டும். ஆறுமுகத்தாய் என்கிற பெண் போலியோ சொட்டு மருந்துக்காக நாலு மைல் நடந்து மூன்று புதன் வந்தாள்; மூன்று தடவையும் திரும்பிப் போனாள். மூன்றாவது தடவை, “ஏம்மா, மருந்து எம்புள்ளைக்கா, தரைக்கா?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் மார்த்தாளுக்கு ஏதாவது பதில் வந்திருக்கும். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

திட்டத்து டாக்டர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். ஏழு நாள் காலையும் மாலையும் ஃபிரிட்ஜுக்குள்ளே எத்தனை டிகிரி என்று சார்ட்டில் குறிக்க வேண்டும். இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில் நின்றால் மருந்து இங்கேயே இருப்பு வைக்கப்படும். நிற்காவிட்டால் ஃபிரிட்ஜும் தகடும் வேறு ஊருக்கு லாரி ஏறிவிடும்.

“எத்தன பேட்டரி வேணும் நர்சம்மா?” என்றார் காளிராஜ்.

“தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி.”

“கேக்க என்ன இருக்கு? கேட்டுக் குடுக்கதுக்கு நான் என்ன பலசரக்குக் கடையா வச்சிருக்கேன்?”

இருபது பேட்டரி வந்தது. நாலு புதுசு. பதினாறு, லாரியிலும் டிராக்டரிலும் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவை. இருபதின் முகத்திலும் சிவப்புப் பெயிண்டில் ‘உபயம் காளிராஜ்’. ‘தமிழகத்திலேயே மாபெரும் சூரிய பேட்டரி நிலையம்’ என்று திறப்பு விழா நோட்டீஸில் போட்டார். தமிழகத்தில் வேறு யாரும் மறுக்கவில்லை.

விழாவுக்கு முந்தின நாள்தான் அவருக்கு ஒரு குறை தட்டுப்பட்டது. போட்டோக்காரர் பக்கத்துச் சர்ச் மணிக்கோபுரத்தில் ஏறிப் படம் எடுப்பதாக ஏற்பாடு. அங்கேயிருந்து பார்த்தால் மொட்டைமாடியில் எட்டுத் தகடும் பளிச்சென்று தெரிந்தன. பேட்டரி அறைக்குள் இருந்த பெயர் தெரியவில்லை. முதலாளி தகடுகளை எண்ணினார். விரலை மடக்கினார். உ, ப, ய, ம், கா, ளி, ரா, ஜ். எட்டு! டெல்லியில் உட்கார்ந்து எட்டு என்று எழுதினவன் கையைப் பிடித்து எழுதவைத்தது அம்மன்தான் என்று அவருக்குத் தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

லாரிகளின் முதுகில் எழுதும் பெயிண்டர் பெருமாள்சாமி, தகட்டுக்கு ஓர் எழுத்தாகத் தடியாக எழுதி, ஓரத்தில் கறுப்பு நிழலும் கொடுத்தான்.

“கண்ணாடிமேல எழுதினா வெயில் மறையாதா அண்ணாச்சி?” என்று மார்த்தாள் கேட்டுப் பார்த்தாள்.

“நம்மூர்ல வெயிலுக்கா பஞ்சம்? எட்டு எழுத்து என்னத்தத் தின்னுரும்?” என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பதற்காகத்தான் கூட நின்றார்கள்.

விழா நடந்தது. பதினெட்டாவது பட்டமாக ‘சூரியச் செம்மல்’ கிடைத்தது. முதல் நாள் ஃபிரிட்ஜில் ஐந்து டிகிரி. மூன்றாம் நாள் ஒன்பது. ஆறாம் நாள் பதினான்கு. வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது.

காளிராஜ் வந்து ஃபிரிட்ஜுக்குள் கையை விட்டுப் பார்த்தார். “ஜில்லுன்னுதான இருக்கு! திங்கக்கிழம சார்ட்டுல ஆறுன்னு எழுதுங்க. யாரு உள்ள போயி உக்காந்து பாக்கப் போறான்?”

“உள்ள உக்காரப் போற மருந்துக்குத் தெரியும்லா அண்ணாச்சி.”

முதலாளி யோசித்தார். “அப்பம் பேட்டரி பத்தல. சனிக்கிழம இன்னும் பத்து கொண்டுவாரேன்.”

மார்த்தாள் அன்றைக்கே பஸ் ஏறினாள். டாக்டரின் சார்ட் திங்கட்கிழமை தொடங்க வேண்டும். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மம்மது பேட்டரிக் கடை வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டவர், மூன்றே கேள்வி கேட்டார்.

“ஃபிரிட்ஜு நாளைக்கு எவ்வளவு திங்கும்? தகடு நாளைக்கு எவ்வளவு குடுக்கும்? வெயிலே இல்லாம எத்தன நாள் தாங்கணும்?”

“முதல் ரெண்டும் தாள்ல இருக்கு பாய். மழை விடாமப் பேஞ்சா நாலு நாள்னு வைங்க.”

“இத மூணையும் கேக்காமலா இருபது பேட்டரி குடுத்தாரு?” மம்மது டீயை மெதுவாகக் குடித்து முடித்தார். “பஸ்ஸுக்கும் அவரு அப்படித்தாம்மா வாங்குவாரு.”

சனிக்கிழமை உச்சிப்பொழுதுக்கு அவர் மீட்டரும் ஆசிட் பார்க்கும் கண்ணாடிக் குழாயுமாக வந்து இறங்கினார். ஒவ்வொரு பேட்டரியாக மூடியைத் திறந்து உறிஞ்சிப் பார்த்துக்கொண்டே போனார். பதினாறாவது பழசையும் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார்.

“தண்ணிக் கணக்குல சொல்லுதேன் நர்சம்மா. உங்க ஃபிரிட்ஜு நாளைக்கு நாப்பது குடம் குடிக்கும். நாலு நாளைக்கு நூத்தறுபது. புது பேட்டரி ஒண்ணுல நூறு குடம் நிக்கும். ஆனா பாதிக்கு மேல எடுத்தா அதுக்கு ஆயுசு போயிரும். அதனால அம்பதுதான் நமக்கு. அப்பம் எத்தன பேட்டரி வேணும்?”

மார்த்தாள் மனசுக்குள் வகுத்தாள். “நாலு. அதுலயும் கொஞ்சம் மிச்சம் நிக்கும்.”

“நாலேதான். அந்த நாலும் இங்கனதான் இருக்கு.”

“மிச்சம் பதினாறு?”

“ஓட்டத் தொட்டி. அதுலயும் தண்ணி நிக்காது, பக்கத்துல இருக்க புதுசையும் இழுத்து ஒழுக்கிரும். மாடியில இருந்து வாரது பூரா இதுகளுக்குக் கஞ்சி ஊத்தவே சரியாப் போகுது. இன்னும் பத்து வந்தா உங்க ஃபிரிட்ஜு அலமாரிதான். சட்டைத்துணி வைக்கலாம்.”

பிறகு மாடி ஏறினார்கள். அந்த வெயிலில் தகடு ஒவ்வொன்றும் மணிக்கு இரண்டரைக் குடம் கொடுக்க வேண்டும். மம்மது ஒவ்வொரு தகட்டின் ஒயரையும் தனியாகக் கழற்றி மீட்டர் வைத்தார். மார்த்தாள் குறித்துக்கொண்டாள்.

“உ, அரை. ப, ஒண்ணு, நடுவுல காலியா இருக்கதுனால பொழச்சுது. ய, முக்கால். ம், முக்கால். கா, அரை. ளி, கால். ரா, அரை.” கடைசித் தகட்டில் முள் அசையவே இல்லை. மீட்டரைத் தட்டிப் பார்த்தார். “ஜ், ஒண்ணுமில்ல.”

“அதுக்கு மட்டும் ஏன் இம்புட்டுப் பசி?”

“பெருமாள்சாமி போட்ட நிழலு இதுல மட்டும் ஒரு கட்டத்தப் பூரா மூடியிருக்குல்லா. ஒரு கட்டம் முழுசா மறைஞ்சா அந்தத் தகடு பூரா நின்னுரும். ஒத்தவண்டிப் பாலத்துல முன்னால போற வண்டி படுத்தா, பின்னால வார வண்டி பூரா நிக்கும்லா, அப்படி.”

கீழே லாரிச் சத்தம் கேட்டது. காளிராஜ் சொன்ன சொல் தவறாதவர். பத்து பழைய பேட்டரியோடு வந்திருந்தார். பெயரெல்லாம் எழுதி, பெயிண்ட் காய்ந்துகூட இருந்தது. மாடிக்கு ஏறி வந்து, மம்மது சொன்னதைக் கேட்டு முகம் சிவந்தார்.

“எம் பேர அழிக்கச் சொல்லுதீராவே? நீரு பேட்டரிக்குத் தண்ணி ஊத்துத ஆளு!”

“ஆமா மொதலாளி. உங்க பஸ்ஸுக்கும் நான்தான் ஊத்துதேன்,” என்றார் மம்மது.

மார்த்தாள் குறுக்கே வந்தாள். “அண்ணாச்சி, கோவிச்சுக்காம ஒண்ணு சொல்லுங்க. இத இப்பம் யாரு படிக்கா?”

“போட்டோவுல…”

“போட்டோ எடுத்தாச்சு. இனிமே கோபுரத்துல ஏறுத ஆளு, மணி அடிக்க ஏசுவடியான் ஒருத்தன்தான். அவன் கண்ணுல புரை விழுந்து ரெண்டு வருசமாச்சு.”

காளிராஜ் சுற்றிலும் பார்த்தார். தண்ணீர்த் தொட்டிமேல் இரண்டு காக்காய் உட்கார்ந்திருந்தன. அவை படிப்பதாகத் தெரியவில்லை.

“ரோட்டப் பாத்த காம்பவுண்டுச் சுவரு வெறுஞ்சுவராக் கெடக்கு,” என்று மார்த்தாள் தொடர்ந்தாள். “அதுல ஆளுயரத்துக்கு எழுதுங்க. பஸ்ஸுல போறவன் பூரா படிப்பான். பழைய பேட்டரி இருபத்தாறையும் பாய் ஆசிட்ட எடுத்துக் கழுவிக் குடுப்பாரு. சுவத்தோரம் வரிசையா வச்சுப் பலக போட்டா, தாய்மாருக்கு உக்கார பெஞ்சி. இருபத்தாறு தடவ உங்க பேரு, ரோட்டப் பாத்து.”

“இருபத்தாறா…” முதலாளியின் குரல் இறங்கியது.

அவர் மனசு மாறுவதற்கு முன்னால் மம்மது மண்ணெண்ணெய்த் துணியாலும் பிளேடாலும் ‘ஜ்’ஜைச் சுரண்டி எடுத்தார். ஒயரை மீட்டரில் தொட்டார். அசையாமல் கிடந்த முள் துள்ளி எழுந்து இரண்டரையில் போய் நின்றது.

காளிராஜ் குனிந்தார். “என்னவே இது? எங்க போய் நிக்குதுன்னு பாரும்!”

“வெயிலுதான் மொதலாளி. இவ்வளவு நாளு உங்க எழுத்துக்குள்ள கெடந்துச்சு.”

முதலாளி துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, “துணியக் குடும், ‘ரா’வ நான் அழிக்கேன்,” என்றார். ‘ரா’ போனது, முள் துள்ளியது. ‘ளி’ போனது, முள் துள்ளியது. மேடையில் பட்டம் வாங்கும்போதெல்லாம் இல்லாத ஒரு சிரிப்பு அவர் முகத்தில் வந்திருந்தது. ‘உ’வை அழித்து முடிக்கும்போது சட்டையெல்லாம் சிவப்பு. கீழே இறங்கினதும் லாரி டிரைவரிடம், “கண்ணாடில எழுதக் கூடாதுலே, வெயில் அடைச்சிக்கிடும். இதெல்லாம் ஒனக்கு எங்க தெரியப் போகுது!” என்றார்.

நாலு புது பேட்டரியையும் மம்மது கடைக்குக் கொண்டுபோய் முழுசாக நிரப்பி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாட்டிக் கொடுத்தார். திங்கள் காலை ஐந்து டிகிரி. செவ்வாய், புதன், ஐந்து. வியாழக்கிழமை ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஊருக்கே சந்தோஷம், மானாவாரி நிலத்தில் விதை போட்டவர்கள் நனைந்துகொண்டே சிரித்தார்கள். மார்த்தாள் ஒருத்திதான் வானத்தைப் பார்த்து, “நல்லாப் பெய்யட்டும் ஆண்டவரே, ஆனா நாலு நாளைக்குள்ள முடிச்சிரும்,” என்று கணக்கோடு ஜெபித்தாள். வெள்ளி, சனி, வெயில் முகமே காட்டவில்லை. சனி சாயங்காலம் ஆறு. ஞாயிறு காலையில் ஆறு. மழை விட்டதும் அன்றைக்குத்தான்.

அடுத்த நாள் டாக்டர் வந்தார். சார்ட்டைப் பார்த்தார். நம்பாமல் தன் பையிலிருந்த தெர்மாமீட்டரை உள்ளே வைத்து, கதவை மூடி, அரைமணி நேரம் காத்திருந்து எடுத்தார். ஆறு. ஜீப்பிலிருந்து மருந்துப் பெட்டியை இறக்கச் சொன்னார்.

புதன்கிழமை மார்த்தாள் பஸ் ஏறவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்தாள். ஒன்பது மணிக்குச் சுவரோரப் பேட்டரிப் பெஞ்சில் இடமில்லை. ஆறுமுகத்தாய் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள். பிள்ளை வாயில் இரண்டு சொட்டு விழுந்ததும் தரையைக் குனிந்து பார்த்தாள்.

“கீழ ஒண்ணும் விழலட்டி,” என்றாள் மார்த்தாள்.

அந்த நேரம் காளிராஜ் பஸ் வந்தது. முன் சீட்டில் முதலாளியே இருந்தார். புதுப் பெஞ்சை ரோட்டிலிருந்து பார்க்க வந்திருந்தார். பெஞ்சு தெரிந்தது. ஆனால் உட்கார்ந்திருந்தவர்களின் சேலையும் காலும் தொங்கவிட்ட பிள்ளைகளும் இருபத்தாறு பெயரையும் மறைத்திருந்தன. பின்னால் நின்றவர்கள் சாய்ந்திருந்ததில் சுவரில் ‘ஜ்’ மட்டும் மிச்சம்.

டிரைவர் முதலாளி முகத்தைப் பார்த்தான். “ஹாரன் அடிச்சு எந்திரிக்கச் சொல்லட்டா மொதலாளி?”

காளிராஜ் எட்டிப் பார்த்தார். ஒரு கைப்பிள்ளை, பெயர் எழுதின பேட்டரிமேல் காலை இடித்துக்கொண்டே தூங்கிக்கொண்டிருந்தது.

“சும்மா ஓட்டுலே,” என்றார். “முழிச்சிரும்.”