பின்வாசலில் உட்கார்ந்த புகை

வெள்ளிக்கிழமைக்குள் புகை நின்றாக வேண்டும். இல்லையென்றால் என் மருமகள் வள்ளியாத்தாளை அவள் தந்தை தம்பிதுரை கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

"கோபி டாக்டரே சொல்லிப்போட்டாருங்க சம்பந்தி. நெஞ்செல்லாம் புகை. வவுத்துல அஞ்சு மாசம். வெள்ளிக்கிழமை வண்டியோட வாரேன். அடுப்பு சரியாயிருந்தா சோறு உண்டுபோட்டுப் போறேன். இல்லீன்னா புள்ளையோட போறேன். திருப்பி அனுப்பமாட்டேனுங்க" என்று வாசலில் நின்றே சொன்னார். தண்ணீர்கூட வாங்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு வாழ வந்த பெண் எவளும் அப்படித் திரும்பியதில்லை.

ஐம்பத்து நாலில் பிளாக் ஆபீசிலிருந்து வந்து சொன்னபோது, ஊரிலேயே முதலில் புகையில்லா அடுப்பு போட்டது நான்தான். மூன்று கண் அடுப்பு. சுட்ட மண் குழாய் ஓட்டுக்கு மேலே மூன்றடி நின்றது. நாலு வருஷம் சுவர்கூடக் கறுக்கவில்லை. போன தையிலிருந்து புகைய ஆரம்பித்தது. அப்போது எனக்குச் சமைத்துப் போட்ட மாரியாத்தாள் மாசியில் வேலையை விட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"அடுப்படியில நான் தனியா இருக்கறாப்பல இல்லீங்க" என்றாள்.

வைகாசியில் மகனுக்குக் கல்யாணமாகி வள்ளியாத்தாள் வந்தாள். விறகு ஈரம் என்று எண்ணி, காய்ந்த வேலம் விறகைச் சன்னமாகப் பிளந்து போடச் சொன்னேன். குழாயில் முள்ளைக் கட்டி இழுத்துக் கரியைத் தட்டினோம். பிறகு, மருமகளுக்கு அடுப்பு எரிக்கத் தெரியவில்லை என்றேன். அவள் இருமினாள்.

அந்தப் புகை மேலே எழாது. அடுப்பின் வாயிலிருந்து வழிந்து, தரையோடு நகர்ந்து, பின்கதவின் அடியில் போய்க் கூடும். ஓர் ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த உயரம் வரும். அதற்கு மேல் ஏறாது. விசிறினாலும் கலையாது.

வியாழக்கிழமை காலை கொத்தனார் ஆறுச்சாமி வந்தான். தென்னந்தும்பைக் கொளுத்தி அடுப்பின் வாயில் காட்டினான். சுடர் அறைப்பக்கமே சாய்ந்தது.

"அடுப்புலயும் குத்தமில்லீங்க, குழாயிலயும் குத்தமில்லீங்க. புகை மேல போகோணும்னா காத்து உள்ள வரோணுமுங்க. ஜன்னல் இல்ல, உள்கதவையும் சாத்திப்போடறீங்க. இப்படிப் பொட்டியாட்டம் அடைச்சா எனக்கே மூக்கைப் புடிச்சாப்பல இருக்குது, அடுப்பு பாவம் என்ன பண்ணும்?"

பின்கதவைப் பார்த்தான். நிலையோடு சேர்த்து ஏழு ஆணி.

"இது எப்பீங்க அடிச்சது?"

"தையில."

"புகை எப்ப இருந்துங்க?"

நான் ஆணித் தலைகளைத் தொட்டுப் பார்த்தேன்.

என் தங்கை சென்னியம்மாள் மில்லில் வேலை பார்த்த ஒருவனோடு போனவள். அன்றே அவளைத் தலைமுழுகினேன். அவன் இறந்த பிறகு, தை மாதம் திரும்பி வந்து பின்வாசல் படியில் உட்கார்ந்தாள். உள்ளிருந்து நானே ஆணி அடித்தேன். மூன்றாம் நாள் படியில் அவள் இல்லை. வாய்க்காலில் எடுத்தார்கள். அடையாளம் காட்டக் கூப்பிட ஆள் வந்தபோது, எனக்குத் தங்கை கிடையாது என்று அனுப்பிவிட்டேன். அப்படிச் சொல்லித்தான் வள்ளியாத்தாளையும் பெண் கேட்டேன்.

"ஆணி புடுங்கற குறட்டைக் குடு" என்று ஆறுச்சாமியிடம் கை நீட்டினேன்.

ஏழு ஆணியையும் நானே பிடுங்கினேன். கதவு திறந்ததும் வெளிக்காற்று காலை உரசிக்கொண்டு நுழைந்தது. வள்ளியாத்தாள் அடுப்பைப் பற்றவைத்தாள். சுடர் உள்ளே சாய்ந்தது. குழாய் ஒரு நீண்ட மூச்சை இழுத்தது. புகை ஒரு நூல்கூட வெளியே வரவில்லை.

அவள் இருமாமல் நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள்.

"ஏனுங்க மாமா, படியில ஓரம்மா உக்காந்திருக்கறாங்களே. ஈரச் சேலையோட. கேட்டாப் பேசமாட்டீங்கறாங்க. ஆருங்க அது?"

ஆறுச்சாமி எட்டிப் பார்த்தான். "அங்க ஆருமில்லியே அம்மணி" என்றவன், என் முகத்தைப் பார்த்துப் பின்வாங்கினான்.

என் கண்ணுக்கும் படி வெறுமையாகத்தான் இருந்தது. யாருமில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கலாம். சாத்தினால் புகை திரும்பும், நாளைக்கு வண்டி வரும். அது யாரென்று சொன்னால், அவளுக்குக் கதவடைத்தது ஆறுச்சாமி வாயால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரியும்.

"என் தங்கச்சி அம்மணி. சென்னியம்மா. உள்ள வரச் சொல்லு."

வள்ளியாத்தாள் சொன்னாள். பிறகு யாருக்கோ வழிவிடுவது போல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள்.

நானும் ஒதுங்கினேன்.