நீள மூக்கு பிளக்

"இந்தத் தடவை வேனோட ஸ்பார்க் பிளக்கை நானே மாத்திக்கறேன், நீ சிரமப்படாதே" என்று லாம்ப்ரோஸ் சொன்னபோதுதான் அர்கீரோவுக்கு முதன்முதலாக மூக்கு வேர்த்தது.

அந்த வீட்டில், வேனில் காய்கறி பழம் ஏற்றிப்போய் மலைக் கிராமங்களில் விற்கிற வியாபாரம் அவனுடையது, வேனின் இன்ஜின் அவளுடையது. கார்திட்சாவில் பட்டறை வைத்திருந்தவரின் மகள் அவள். பொம்மைக்குப் பதில் ஸ்பேனரைப் பிடித்து வளர்ந்தவள். லாம்ப்ரோஸ் வாயால் அழுகின தக்காளியைக்கூட விற்றுவிடுவான். ஆனால் கையில் ஸ்பேனரைக் கொடுத்தால் சாப்பிடும் முள்கரண்டியைப் பிடிக்கிற மாதிரி பிடிப்பான். கல்யாணமான புதிதில் ஒருமுறை வீராப்பாக ஒரு பிளக்கைக் கோணலாக முறுக்கி மரையையே கெடுத்துவைத்தான். அன்றோடு அவனுக்கு அந்தப் பக்கம் அனுமதி கிடையாது.

வருஷா வருஷம் ஈஸ்டர் முடிந்ததும் பிளக் மாற்ற அவள் வேனின் பக்கத்து சீட்டைத் தூக்குவாள். இன்ஜின் அதற்கடியில்தான் இருக்கிறது. அவன் டார்ச் பிடித்துக்கொண்டு மலைக் கிராமங்களின் வம்புதும்பை எல்லாம் ஒன்று விடாமல் சொல்லுவான். அவர்களுக்கு அது ஒரு திருவிழா மாதிரி. இப்போது திருவிழாவே வேண்டாம் என்கிறான்.

"ஏன்யா, திடீர்னு என்ன?"

"உனக்கு இடுப்பு வலின்னியே."

"இடுப்பு வலி நம்ம மகன் பொறந்ததுலேர்ந்து இருக்கு. உனக்கு அக்கறை எப்ப பொறந்துச்சு?"

அவன் சிரித்துவிட்டுக் காபியைக் குடித்தான். அவ்வளவுதான். ஒரு பேச்சுக்கு ஒன்பது பதில் கொடுக்கிறவன் வெறுமனே சிரித்தது அவளுக்கு சரியாகப் படவில்லை.

அவள் தங்கை புருஷனும் இப்படித்தான் ஆரம்பித்தான். ஒரு நாள் திடீரென்று தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டான். தங்கை பூரித்துப்போய் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அடுத்த குளிர்காலத்துக்குள் அவன் லாரிசாவில் ஒரு முடி அலங்காரக்காரியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான். அதிலிருந்து எந்த ஆம்பளையாவது தன் வேலையைத் தானே செய்கிறேன் என்றால் அர்கீரோ காதைத் தீட்டிக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் பகடை ஆட ஊர்க் காபிக் கடைக்குப் போனதும் அவள் சீட்டைத் தூக்கினாள். பழைய பிளக்குகளைக் கழற்றினாள். நான்கும் அடுப்புக்கரியாய்க் கறுத்திருந்தன. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, காய்ந்த புகைக்கரி. விரலில் தடவினால் மை மாதிரி ஒட்டியது.

அந்த வேனின் பிளக் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பால்காபி நிறத்தில் இருக்கும். பாரத்தை ஏற்றிக்கொண்டு இரண்டாவது கியரில் மலை ஏறுகிற வண்டியில் கரி தங்காது, எரிந்து போய்விடும். இந்த மாதிரிக் கரி படிவது மணிக்கணக்காக ஒரே இடத்தில் நின்று உறுமிக்கொண்டிருக்கிற வண்டியில்தான்.

அவசரப்பட்டுப் பழி போடக்கூடாது என்று சோக்கைப் பார்த்தாள். ஒழுங்காகத் திறந்து மூடியது. ஏர் ஃபில்டர் சுத்தம். கார்புரேட்டரிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிழட்டு வேன்தான், ஆனால் அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் ஓட்டுகிறவன் மேல்.

அப்படியானால் வாரத்தில் மூன்று நாள் மலைக்குப் போகிறேன் என்று கிளம்புகிறவன் எங்கே போகிறான்? பெட்டிகள் காலியாகத்தான் திரும்பி வருகின்றன. மேலே யாருக்குக் கல்யாணம், எந்தப் பாதிரியாருக்கு இடுப்பெலும்பு முறிந்தது என்று கதையும் வருகிறது. வேன் மட்டும் மலை ஏறவில்லை.

சீட்டுக்குப் பின்னால் உருளைக்கிழங்குச் சாக்கை நகர்த்தியபோது ஒரு புது அட்டைப்பெட்டி கிடைத்தது. உள்ளே நான்கு புதுப் பிளக்குகள். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே இருக்கிற பீங்கான் மூக்கு நீளம்.

அவள் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். வருஷக்கணக்காக அவள் வாங்கி மாட்டுவதெல்லாம் குட்டை மூக்குதான். குட்டை மூக்கு சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும், அதனால் மலை ஏறுகிற வண்டிக்கு ஏற்றது. நீள மூக்கு சூட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டு கரியை எரித்துவிடும். தெருத்தெருவாக ஊர்ந்து, நின்று நின்று போகிற வண்டிக்கு அதுதான் சரி. அதை மாட்டிக்கொண்டு ஆரஞ்சு மூட்டையோடு மலை ஏறினால் முனை பழுத்துப்போகும். பிஸ்டனில் ஓட்டை விழும். லாம்ப்ரோஸுக்கு இதெல்லாம் தெரியாது. அப்படியானால் யாரோ சொல்லிக்கொடுத்து வாங்கியிருக்கிறான்.

பழைய கறுத்த பிளக்குகளையே திரும்ப மாட்டினாள். பெட்டியைச் சாக்குக்குப் பின்னால் அதே கோணத்தில் வைத்தாள். சீட்டின் மேல் இருந்த தூசியைக்கூடக் கலைக்காமல் விடப் பார்த்தாள், முடியவில்லை. சாயங்காலம் அவன் வந்ததும் பீன்ஸ் சூப்பை ஊற்றிக்கொடுத்து அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, முகத்துல ஏதாவது ஒட்டியிருக்கா?" என்றான்.

"இல்ல. பார்க்கறேன். பார்க்கக்கூடாதா?"

மறுநாள் உதிரிபாகக் கடைக்குப் போனாள். கடைக்காரன் பாஸ்கோஸ் அவள் அப்பாவிடம் வேலை பார்த்தவன். அவளைக் கண்டதும் கல்லாவுக்குப் பின்னால் எதையோ தேட ஆரம்பித்தான்.

"பாஸ்கோஸ், எங்க ஆளுக்கு நீள மூக்கைக் கொடுத்தது நீயா?"

"அக்கா, அவரு கேட்டாரு, கொடுத்தேன்."

"அவன் வாயில 'நீள மூக்கு'ன்னு வந்துச்சா? என் காதுல பூ சுத்தாதே."

பாஸ்கோஸ் தலையைச் சொறிந்தான். "கரி பிடிக்காத பிளக்கா கொடுன்னாரு. வண்டி எப்படி ஓடுதுன்னு கேட்டேன். நிறைய நேரம் பாலத்துக்கிட்ட ஓடிக்கிட்டே நிக்குதுன்னாரு. அப்பன்னா இதுதான்னு கொடுத்தேன். மலைப் பக்கம் மட்டும் கொண்டுபோயிடாதீங்க, பிஸ்டன் போயிடும்னு எச்சரிச்சேன். 'இல்ல இல்ல, போகல'ன்னாரு."

"பாலத்துக்கிட்டன்னா?"

"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன், அக்கா."

பாலத்துக்கிட்ட என்றால் மோர்ஃபோவின் காபிக் கடைதான். மலை ரோடு ஆரம்பிக்கிற இடத்தில் வேறு கட்டிடமே கிடையாது. மோர்ஃபோ விதவை. ஐம்பதைத் தாண்டியும் உதட்டுச்சாயம் விடாதவள். சிரித்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும்.  துரோகத்தைவிட ஒன்று அர்கீரோவை அதிகம் குடைந்தது. கட்டினவளுக்குப் பட்டறை மூளை உண்டு என்று தெரிந்து, அதை ஏமாற்றப் பிளக்கைத் தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறான். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவன் இவ்வளவு யோசித்துச் செய்த காரியம் இது ஒன்றுதான்.

பாஸ்கோஸிடம் நான்கு குட்டை மூக்கு பிளக்குகளை வாங்கிக்கொண்டாள். அவள் தீர்மானம் இதுதான். கையும் களவுமாகப் பிடித்து, அங்கேயே அவன் கண்ணெதிரே இதை மாட்டி, 'இப்ப ஏறு மலை, பார்க்கறேன்' என்று கேட்பது. ஏறமாட்டேன் என்றால், அந்த மூஞ்சிக்கு இனி இந்த வீட்டில் சூப் கிடையாது.

அடுத்த வியாபார நாள் காலை, அவன் ஆரஞ்சுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது, சாக்குக்குப் பின்னாலிருந்த அட்டைப்பெட்டியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். குட்டை மூக்குப் பெட்டியும் பிளக் ஸ்பேனரும் உள்ளே போயின. அவன் போனதும் பஸ் ஏறினாள். வழியெல்லாம் சொல்ல வேண்டிய வசவுகளை வரிசைப்படுத்திக்கொண்டே வந்தாள். மோர்ஃபோவுக்குத் தனி வரிசை.

பாலத்துக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி, ஆற்றோரப் பெருமரங்களின் மறைவில் நடந்தாள். காபிக் கடை வாசலில் வேன் இல்லை. அதைத் தாண்டி, ரோடு மேலே ஏற ஆரம்பிக்கிற இடத்தில் நின்றது. வண்டியின் முகப்பு மலையைப் பார்த்து இருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, கூவி விற்கிற ஒலிபெருக்கி மௌனம். உள்ளே ஒரே ஒரு தலை தெரிந்தது. அது லாம்ப்ரோஸின் தலை.

அவள் எந்தப் பக்கத்திலிருந்து மோர்ஃபோ வருவாள் என்று காத்திருந்தாள். வேனின் பின்னால் எரிந்த சிவப்பு விளக்குகள் அணைந்தன. வேன் ஒரு முழம் முன்னால் நகர்ந்தது. உடனே சிவப்பு எரிந்தது. நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அணைந்தது, நகர்ந்தது, எரிந்தது. பிறகு வேன் மெதுவாகப் பின்னால் உருண்டு பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது.

மோர்ஃபோ கடையிலிருந்து வந்தாள். அவள் அண்ணன் மகன் ஒருவன், தாடி வைத்த ஆள், ஒரு சின்ன லாரியைப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினான். இரண்டு பேரும் வேனின் பின்கதவைத் திறந்து பெட்டிகளை லாரிக்கு மாற்றினார்கள். முன்னால் உட்கார்ந்திருந்தவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. லாரி மலை ஏறிப் போனது. திரும்பிய மோர்ஃபோ மரத்தடியில் அர்கீரோவைப் பார்த்துவிட்டாள்.

"அப்பாடா, வந்தியா?" என்றாள். "குளிர்காலத்துலயே வருவேன்னு நினைச்சேன்."

"அவன் என்ன பண்றான் இங்க?"

"முழங்கால் வலியாம், கிளட்ச் மிதிக்க முடியலயாம். அதான் எங்க பையன் மேல கொண்டுபோய் வித்துட்டு வரான். நானும் நம்பற மாதிரி தலையாட்டறேன்." மோர்ஃபோ கையைத் துடைத்துக்கொண்டாள். "முழங்கால் வலிக்கிறவன் கிளட்சை மிதிச்சு மிதிச்சு விடுவானா, வர்ற நாளெல்லாம் சாயங்காலம் வரைக்கும்? காபி கொடுத்தாலும் இறங்கி வரமாட்டேங்கறான். எனக்கென்ன, என் புருஷனா? போ, நீயே கேளு."

வரிசைப்படுத்தி வைத்திருந்த வசவெல்லாம் கலைந்துபோனது. அர்கீரோ வேனின் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். இன்ஜின் அடியில் அதிர்ந்தது. லாம்ப்ரோஸ் திடுக்கிட்டுத் திரும்பினான். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவன் கைகளில் விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. சட்டை முதுகோடு நனைந்திருந்தது.

"கிளம்பிட்டேன்" என்றான். "அஞ்சு நிமிஷம். இப்பவே கிளம்பறேன்."

எங்கே பார்த்துச் சொல்கிறான் என்று அவளும் பார்த்தாள். மூன்றாவது வளைவு அங்கிருந்தே தெரியும். போன இலையுதிர் காலத்தில் மழைக்கு ரோடு சரிந்து, ரொட்டிக்காரனின் வண்டி அங்கிருந்துதான் பள்ளத்தில் விழுந்தது. பின்னாலேயே லாம்ப்ரோஸின் வேன் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் 'பாவம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் படுத்துக்கொண்டான். என்ன கல் நெஞ்சு இந்த மனுஷனுக்கு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"அன்னையிலேர்ந்தா?" என்று கேட்டாள்.

அவன் தலையசைத்தான்.

"இன்ஜினை நிறுத்து."

"வேண்டாம். நிறுத்திட்டா அவ்வளவுதான், போகமாட்டேன்னு ஆயிடும். ஓடிக்கிட்டிருந்தா இன்னைக்காவது போயிடலாம்."

அவள் அவனுடைய நனைந்த முதுகைப் பார்த்தாள். ஆனாலும் கோபம் போகவில்லை. "மோர்ஃபோகிட்ட முழங்கால்னு சொல்லத் தெரிஞ்சுது. என்கிட்ட ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"உன் மூஞ்சியைப் பார்த்துப் பொய் வரல. ஈஸ்டருக்கு நீ பிளக்கைக் கழட்டினா கண்டுபிடிச்சிடுவேன்னு தெரியும். அதான் கரி பிடிக்காததா வாங்கினேன்."

அவள் சாவியைத் தொடவில்லை. அவன்தான் சாவியைத் திருப்பினான், ரொம்ப நேரம் கழித்து. இன்ஜின் நின்றதும் அவன் தோள் தளர்ந்து தொங்கியது.

சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றினால் மரை போய்விடும். இன்ஜின் ஆறும் வரை இருவரும் ரோட்டோரத்தில் உட்கார்ந்து, வேனில் உதிர்ந்து கிடந்த ஆரஞ்சுகளை உரித்துத் தின்றார்கள். மோர்ஃபோ காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, கேள்வி கேட்காமல் போனாள். அர்கீரோ அவளுக்கென்று சேர்த்துவைத்த வசவு வரிசையை மனசுக்குள்ளேயே கிழித்துப் போட்டாள். லாம்ப்ரோஸ் அழுதான். முதலில் மூக்கைச் சிந்துகிற மாதிரி நடித்தான், பிறகு நடிக்கவில்லை.

கை வைக்கிற அளவுக்கு ஆறினதும் அவள் சீட்டைத் தூக்கிக் கறுத்த பிளக்குகளைக் கழற்றினாள். பையிலிருந்து இரண்டு பெட்டிகளையும் எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"எதைப் போடறது? நீயே சொல்லு. எதைச் சொன்னாலும் போடறேன்."

அவன் குட்டை மூக்குப் பெட்டியைத் தொட்டான். அதன் மேலேயே கையை வைத்திருந்தான். மேலே ஒருமுறை பார்த்தான். பிறகு அதை அவள் பக்கம் தள்ளிவிட்டு, நீள மூக்குப் பெட்டியை எடுத்துக் கொடுத்தான்.

"இதைப் போடு" என்றான். "என்னால முடியல, அர்கீரோ."

"சரி. கீழே ஊர்ல இருக்கிறவங்களும் தக்காளி திங்கத்தான் செய்யறாங்க." அவள் முதல் பிளக்கை விரலாலேயே மெதுவாக முறுக்கி இறக்கினாள். அவன் பழக்கத்தில் டார்ச்சைத் தேடி எடுத்துப் பிடித்தான். நல்ல வெயில், டார்ச்சுக்குத் தேவையே இல்லை.

"என் மேல கோபமா?" என்று கேட்டான்.

"பின்ன? பொம்பளைன்னு நம்பி வந்தேன்யா. அவளா இருந்தா முடியைப் பிடிச்சு இழுத்துப் போட்டிருப்பேன். இதை நான் எதைப் பிடிச்சு இழுக்கறது?"