உடம்பின் வலது

உடற்கூறியல் வகுப்பில் பேராசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டார்: இடது, வலது என்பதெல்லாம் மேஜையில் கிடக்கும் உடம்பின் இடது, வலது, எதிரே நிற்கிற உங்களுடையது அல்ல. எல்லோருக்கும் அன்றைக்கே மண்டையில் ஏறியது, ஒருவனைத் தவிர. அவன் வலப்பக்கம் இருக்கிற கல்லீரலைத் தொட்டுக்கொண்டே "இடப்பக்கம்" என்பான். அவனுக்குப் 'பிம்பம்' என்று பட்டப்பெயர் வைத்ததே கூடப் படித்த அவள்தான்.

இப்போது அவள் தோல் டாக்டர். அவளுடைய வலது சிறுநீரகத்தில் கட்டி. அதை எடுக்கப்போகிற சர்ஜன், அதே பிம்பம்.

"பயமா இருக்கா?" என்று மாஸ்க்குக்குள் சிரித்தான்.

"உன் கையை நம்புறேன்டா. பக்கத்தைத்தான் நம்ப முடியல."

"இத்தனை வருஷமாச்சு, இன்னும் அதை விடமாட்டியா?"

அவளும் சிரித்தாள். கைராசிக்காரன் என்று ஊரே சொல்கிறது. போதாததற்குக் காலையில் நர்ஸ் வலது விலாவுக்குக் கீழே பேனாவால் குறி போட்டிருந்தாள். மருந்துப் பஞ்சு அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்தது என்பது அவளுக்குத் தெரியாது.

மயக்க மருந்து ஏற ஏற நாக்கு தடித்தது. அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். கட்டியுள்ள பக்கம்தான் மேலே இருக்க வேண்டும். ஆனால் மேஜையின் குளிர் அவளுடைய வலது விலாவில்தான் ஏறியது.

சொல்லப் பார்த்தாள். உதடு பிரியவில்லை.

மேலே, நல்ல சிறுநீரகம் இருந்த இடத்தில், அவன் கை வந்து பதிந்தது.

"வலப்பக்கம்," என்றான் நர்ஸிடம். குரலில் துளி சந்தேகம் இல்லை.