பெவனின் இரட்டைக்குழல்

துப்பாக்கி ரிப்பேர் செய்யும் ஹாமிஷ், நோலீன் கொண்டுவந்த இரட்டைக்குழல் துப்பாக்கியின் குழல்களை மரக்கட்டையிலிருந்து கழற்றினான். அடிப்பக்கத்துக் கொக்கியில் ஒரு விரலை மாட்டித் தொங்கவிட்டு, மறு கையின் விரல்முட்டியால் தட்டினான். நல்ல குழலாக இருந்தால் மாதாகோயில் மணிபோலக் கணீரென்று கேட்க வேண்டும். நோலீனின் குழல்கள், தகர டப்பாவுக்குள் ஈ அகப்பட்டுக்கொண்டதுபோல இரைந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை தட்டினான். மறுபடியும் அதே இரைச்சல்தான்.

இரண்டு குழலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை விட்டுப்போயிருக்கிறது என்றான். அதைக்கூடத் திரும்பப் பற்றவைத்துவிடலாம், ஆனால் இடது குழல் உள்ளே ஓரிடத்தில் தேய்ந்து முட்டை ஓடுபோல ஆகியிருக்கிறது, கை வைத்துப் பிடிக்கிற இடத்தில் வெடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டான். குழல்களை அடியோடு அறுத்துவிட்டுப் புதுக்குழல் செருகலாம். ஆகும் செலவில் இதே மாதிரி இரண்டு துப்பாக்கி வாங்கலாம். வேலை முடிய அடுத்த மே மாதம் ஆகிவிடும். இந்த மே மாதத்து வாத்து வேட்டைக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. "ஆசைக்குன்னா ரிப்பேர் பண்ணுங்க. சுடணும்னா வேற வாங்குங்க," என்று சொல்லிவிட்டு ஹாமிஷ் எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டான்.

இன்வர்கார்கில் டவுனிலிருந்து வீடு வரும்வரை நோலீன் ரேடியோகூடப் போடவில்லை. இருபத்தேழு வயதில், ஒரு பண்ணை ஏலத்தில், வேலிக்கம்பி முறுக்கும் குறடுகளுக்கு நடுவே கிடந்த துப்பாக்கி அது. பக்கத்தில் நின்ற ஆண்கள் சிரிக்கச் சிரிக்க ஏலம் கேட்டு வாங்கினாள். அதற்கு இரண்டு விசை; முப்பத்தொரு வருஷமாக முன்விசைக்கு ஒரு குழல், பின்விசைக்கு ஒரு குழல் என்று இழுத்துப் பழகிய விரல். புதுசாக ஒன்று வாங்கித் தொலையேன், எல்லாரும் ஒற்றை விசையில்தானே சுடுகிறார்கள் என்று அவள் கணவன் இயன் சொன்னான். அவன் வாத்துச் சூப்பை வேண்டாம் என்று சொல்ல மாட்டான், ஆனால் துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை. அவனிடம் பேசிப் பயனில்லை என்று விட்டுவிட்டாள்.

வாங்க வேண்டிய துப்பாக்கி எது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஓடைக்கு அந்தப்பக்கம் பெவன் வீட்டு இரும்புப் பெட்டியில் இருந்தது. அவளுடையதைவிடப் பழசு, அவளுடையதைவிட நல்லது. பெவனுக்கு எழுபத்தொன்பது வயது. கண்ணின் நடுப்பார்வை போய் ஓரப்பார்வை மட்டும் மிச்சமிருந்தது. கார் லைசென்ஸை டாக்டர் சொல்லி நிறுத்திவிட்டார்கள். வியாழக்கிழமைதோறும் நோலீன்தான் அவரைக் கடைக்குக் கூட்டிப்போகிறாள். போன குளிர்காலத்தில் அவர் தாமாகவே சொல்லியிருந்தார்: இனி எனக்கு எதுக்கு இது, நீயே எடுத்துக்க.

அந்த வியாழக்கிழமை அவள் பேச்செடுத்தபோது, துப்பாக்கியைத் துடைத்துத் தருகிறேன், அழுக்கோடு கொடுக்க முடியுமா என்றார். அடுத்த வாரம், பழசை அப்படி எடுத்தெறியக் கூடாது, உன்னுடையதையே சரிபண்ணு என்று அரைமணி நேரம் புத்தி சொன்னார். வெடித்துவிடும் என்று ஹாமிஷ் சொன்னதைச் சொன்னாள். ஹாமிஷுக்கு என்ன தெரியும், அவன் அப்பனுக்கே தெரியாது என்றார். மூன்றாவது வாரம் கோர் ஊரிலிருந்து யாரோ கேட்டதாகச் சொன்னார். யார் என்று கேட்டதற்குப் பெயர் மறந்துவிட்டதாம். கடை வண்டியைத் தள்ளிக்கொண்டு, பட்டாணி டப்பாவை மூக்குக்கு அருகே வைத்து விலை பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதரை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடலாமா என்றிருந்தது நோலீனுக்கு.

நாலாவது வாரம், வீட்டு வாசலில் பைகளை இறக்கும்போது நேருக்கு நேராகக் கேட்டுவிட்டாள். விற்கிறீர்களா இல்லையா?

பெவன் முகத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பினார். அப்படித் திருப்பினால்தான் ஆள் தெரியும் அவருக்கு.

"போன வருஷம் முதல் நாள் எத்தனை அடிச்சேன்?"

நோலீன் பைகளைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அவரும் பின்னாலேயே வந்தார்.

"ஒம்போது. எழுபத்தெட்டு வயசுல ஒம்போது. நல்லா அடிக்கிற துப்பாக்கிய எந்தக் கிறுக்கனாவது விப்பானா, நீயே சொல்லு."

அவள் பால் கேனை எடுத்துக் குளிர்பெட்டிக்குள் வைத்தாள். கொஞ்சம் பலமாகவே வைத்தாள். ஏனென்றால் அந்த ஒன்பதும் அவள் அடித்தவை.

மூன்று வருஷத்துக்கு முன் ஆரம்பித்தது. குளத்தங்கரையில் தகரமும் நாணலும் வைத்து இருவரும் சேர்ந்து கட்டிய மறைப்பில் உட்கார்ந்திருந்தார்கள். பெவன் எழுந்து சுட்டார். வாத்து இருந்த இடம் வேறு, அவர் சுட்ட இடம் வேறு; வெறும் ஆகாயம். அதே நொடியில் நோலீனும் சுட்டிருந்தாள், வாத்து விழுந்தது. விழுந்துச்சா என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. உங்களுதுதான் என்றாள். ஒரு தடவை சொன்னதோடு போகவில்லை. அவர் எழுந்ததும் அரைமூச்சு பொறுத்து, அவர் சுடும்போதே தானும் சுட்டு, விழுந்ததையெல்லாம் அவர் பக்கத்துக் கம்பியில் மாட்டிவைக்கப் பழகிவிட்டாள். போன வருஷம் அவர் குழல் வானத்தோடு நிற்காமல், விழும் வாத்தைக் கவ்வி வரும் நாயின் தலைக்கு மேலேயும் திரும்பியது. கையால் தள்ளிவிட்டாள். அதை மட்டும் இயனிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது அந்தப் பொய்யே குறுக்கே நின்று துப்பாக்கியைக் கொடுக்க மாட்டேன் என்கிறது. யார்மேல் எரிச்சல்படுவது என்று தெரியாமல் காரை ரிவர்ஸில் எடுத்து அவருடைய தபால்பெட்டியை இடித்தாள்.

வேட்டை தொடங்குகிற வாரத்தில் ஹாமிஷ் போன் பண்ணி, இரவலாக ஒரு துப்பாக்கி தருகிறேன், எடுத்துக்கொண்டு போங்கள் என்றான். வாங்கிக்கொள்ளத்தான் நினைத்தாள். பிறகு, தான் கையில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாள். ஒரு வாத்துகூட விழாது, அவருக்கே தெரிந்துவிடும். வேண்டாம் ஹாமிஷ் என்று சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை விடியலில் குளத்தின்மேல் பனிமூட்டம் கிடந்தது. வாத்துகளை ஏமாற்றி வரவழைக்கும் பொய்வாத்துகளை மிதக்கவிட்டுவிட்டு வந்து, பெவனின் வலப்பக்கம், கை எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்தாள். அவள் மடியில் தேநீர்க் குடுவை மட்டும் இருந்தது. பெவன் கவனித்ததாகத் தெரியவில்லை. சிறகுச் சத்தத்தை அவர்தான் முதலில் கேட்டார். எழுந்தார், தோளில் சேர்த்தார், இரண்டு குழலையும் சுட்டார். ஐந்து வாத்துகள் அவசரமே இல்லாமல் மேட்டைத் தாண்டிப் போயின.

"விழுந்துச்சா?"

"இல்ல."

அவர் தோட்டா மாற்றினார். அடுத்த கூட்டம் வந்தது. மறுபடியும் சுட்டார், மறுபடியும் கேட்டார், மறுபடியும் அவள் இல்லை என்றாள். நாய் தண்ணீரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது. மூன்றாவது முறை சுட்டபின் அவர் கேட்கவில்லை. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி அவளைப் பார்த்தார்.

"நீ ஏன் சுடல?"

"எங்கிட்ட துப்பாக்கி இல்ல, பெவன்."

"ஹாமிஷ் தரலியா?"

"தரேன்னுதான் சொன்னான். நான்தான் வாங்கல."

பெவன் பலகையில் உட்கார்ந்தார். துப்பாக்கியை மடக்கித் திறந்து காலித் தோட்டாக்களை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "போன வருஷமெல்லாம் கூடவே இன்னொரு சத்தம் கேக்கத்தான் செஞ்சுது," என்றார். "எதுத்த மேட்டுல பட்டுத் திரும்புதுன்னு வச்சுக்கிட்டேன்." அப்படியானால் அவரும் பாதி தெரிந்துகொண்டேதான் இருந்திருக்கிறார். ஆனால் அவர் அதோடு விட்டால்தானே. மூன்று வருஷமாகத் தன்னைப் பச்சைப்பிள்ளையாக்கிவிட்டாள் என்றும், ஊரில் இன்னும் யார் யாருக்குத் தெரியும் என்றும், கிறிஸ்துமஸ் விருந்தில் தான் அந்த ஒன்பதைப் பற்றிப் பேசியபோது இயன் ஏன் எழுந்து வெளியே போனான் என்பது இப்போதுதான் புரிகிறது என்றும் பொரிந்து தள்ளினார்.

"கேட்டா உண்மையைச் சொல்லணும்."

"தரேன்னா தரணும்," என்றாள் அவள்.

அவர் துப்பாக்கியை அவள் மடியில் வைத்தார். இரண்டு தோட்டாவையும் கொடுத்தார். சுட்டுப் பார் என்றுகூடச் சொல்லவில்லை. இடது பக்கம், நாலைந்து, தாழப் பறந்து வருது என்று மட்டும் சொன்னார். அவள் போட்டு மூடினாள். பெவன் ஆறடிக்கு மேல் உயரம், துப்பாக்கியின் மரக்கட்டை அவர் அளவுக்குச் செய்தது. தோளுக்குத் தூக்கும்போது அடிப்பாகம் அவள் கோட்டின் அக்குளில் மாட்டிக்கொண்டது. விடுவித்துச் சேர்ப்பதற்குள் வாத்துகள் தலைக்கு மேலே வந்துவிட்டன. முன்விசை, பின்விசை. ஒரு இறகுகூட உதிரவில்லை.

"தண்ணில ஒண்ணும் சத்தம் கேக்கலியே," என்றார் பெவன். குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது.

"கட்டை நீளம். ஒண்ணரை அங்குலம் அறுத்தாத்தான் எனக்குச் சரிப்படும்."

"அறுக்கறதா? அறுத்துட்டா அப்புறம் எனக்கு எப்படிப் பொருந்தும்?"

நோலீனுக்குத் தேநீர்க் குடுவையைக் குளத்துக்குள் வீசலாம்போல இருந்தது. துப்பாக்கியைத் திறந்தாள், இரண்டு குழலிலிருந்தும் புகை மெல்ல எழுந்தது. அவள் தவறவிட்ட வாத்துகள் மேட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தன. காலை நீட்டித் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பொய்வாத்துகளுக்கு நடுவிலேயே இறங்கி, சிறகைச் சிலிர்த்து ஒதுக்கிக்கொண்டன. பெவன் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தார். நாய் எழுந்து நின்று, முன்கால் ஒன்றை மட்டும் தூக்கியபடி, இவர்களில் யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றது.