முதல்முறை பெங்களூரு வரும் கிரேஸுக்கு

1

இது ஒரு பட்டியலாக இருந்திருக்க வேண்டியது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பெங்களூருக்கு முதல்முறை வருகிறவர்கள் எதைப் பார்க்கலாம், எங்கே என்ன வாங்கலாம் என்று இருபது குறிப்புகள் வேண்டுமென்று ஒரு வார இதழின் உதவி ஆசிரியர் சுப்ரியா கேட்டிருந்தாள். நான் அந்த இதழில் குடும்ப நாவல்கள் எழுதுகிறவள். "உங்க கதையில ஊரே சுத்திக் காட்டுவீங்களே, இது ஒரு மணி நேர வேலை" என்றாள்.

ஒன்பது குறிப்புகள் எழுதினேன். லால்பாகுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் பாறையில் உட்கார முடியாது. பட்டுப்புடவைக்குச் சிக்பேட்டை. கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் விலையைக் கேட்டுவிட்டு முகம் சுளிக்காமல் நகருங்கள், அவர்களே கூப்பிடுவார்கள். ஆட்டோவில் ஏறும் முன் கன்னடத்தில் இரண்டு வார்த்தையாவது பேசுங்கள். இப்படி.

பத்தாவது குறிப்பு: அல்சூர் ஏரிக்கரையில் மரப்படி ஏறிப்போகும் ஒரு காபிக்கடை—

அங்கே நின்றுவிட்டேன். நின்ற இடத்திலிருந்துதான் கதை.

2

தொடக்கம் (அ): விடியற்காலை. கோலார் தங்கவயலின் சாம்பியன் ஸ்டேஷனில் பனி மூட்டத்துக்கு நடுவே—

வேண்டாம். அந்த நேரத்தில் நான் அங்கே நின்றதே இல்லை.

தொடக்கம் (ஆ): யேசுதாஸ் பொய் சொல்லத் தெரியாத மனிதர்—

இதுவும் வேண்டாம். இருபத்திரண்டு வருடமாகச் சொல்லியிருக்கிறார். அழகாகவே சொல்லியிருக்கிறார்.

நடந்ததையே எழுதுகிறேன். பத்தாவது குறிப்பில் நான் நின்றிருந்தபோது, லிங்கராஜபுரத்தில் உள்ள எங்கள் அடுக்ககத்தின் எலக்ட்ரீஷியன் யேசுதாஸ் என் அறையில் ஸ்டூல் போட்டு ஏறி, மின்விசிறியைச் சரிசெய்துகொண்டிருந்தார். தினமும் தங்கவயலிலிருந்து ரயிலில் வந்து போகிறவர். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். ரயிலில் படிக்க என் தொடர்கதை வரும் இதழ்களை நான்தான் அவருக்குக் கொடுப்பேன். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"அந்த மாடி காபிக்கடைக்கு எப்படிப் போறதுன்னு போடுங்க மேடம். மூணு தபா தேடிட்டேன். கெடைக்கல."

"அப்படி ஒரு கடை இல்லையே."

"மூடிட்டாங்களா?"

"இருந்ததே இல்லை, யேசுதாஸ். நானே கற்பனையா எழுதினது."

அவர் ஸ்டூலிலிருந்து இறங்கினார். அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். கையில் மின்விசிறியின் மூடி இருந்தது. அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

(அந்தக் கடை என் ஏழு நாவல்களில் வருகிறது. மரப்படி. ஏரியைப் பார்த்த ஜன்னல். ஒவ்வொரு மேசைக்கும் இரண்டே நாற்காலிகள். கோபித்துக்கொண்டு பிரிந்த கணவனும் மனைவியும் பதினெட்டாவது அத்தியாயத்தில் அங்கே வந்து உட்காருவார்கள். கேட்காமலே காபி வரும். எதிரில் உட்கார எனக்கு யாரும் இல்லாத ஒரு வருடத்தில்தான் அந்தக் கடையைக் கட்டினேன். அது வேறு கதை, அதை இங்கே—)

3

அவர் சொன்னதன் சுருக்கம் இது. கல்யாணமான புதிதில், வேலை முடிந்து ஒன்பது மணிக்கு வீடு சேரும்போது மனைவி கிரேஸ் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்காருவாளாம். இன்றைக்கு என்ன பார்த்தாய் என்று கேட்பாளாம். வீட்டில் படுத்த படுக்கையாக அவள் மாமியார், பிறகு இரண்டு பிள்ளைகள், இடையில் தையல். அவள் தங்கவயலைத் தாண்டி மேற்கே வந்ததில்லை. அவரோ பார்த்ததெல்லாம் கண்டோன்மென்ட் ஸ்டேஷன், ஒரு பஸ், எங்கள் தண்ணீர் மோட்டார், மறுபடி பஸ், மறுபடி ஸ்டேஷன்.

"டெய்லி மோட்டாரப் பாத்தேன்னு எப்படி மேடம் சொல்றது? அவ அவ்ளோ நேரம் முழிச்சினு இருக்கா."

அதனால் ரயிலில் படித்ததைச் சொன்னார். லால்பாக் பாறையில் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டேன் என்றார். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் நீலக் கதவு போட்ட வளையல் கடை ஒன்று என்றார் (அதுவும் நான் கட்டியதுதான்). சாயங்காலம் அல்சூரில் மாடி ஏறிக் காபி குடித்தேன் என்றார். கிரேஸ் திரும்பத் திரும்பக் கேட்டது அந்தக் கடையைத்தான். ஒருநாள், நீ தனியாகவா உட்காருவாய் என்று கேட்டிருக்கிறாள். எதிர் நாற்காலியில் யாரையும் உட்கார விடமாட்டேன், பையை வைத்துவிடுவேன், அது உனக்கு என்றாராம்.

அந்த வரி என்னுடையது அல்ல. என் ஏழு நாவல்களிலும் தேடிப் பார்த்துவிட்டேன். அவருடையது.

இரண்டு வருடம் முன்பு, என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று அவள் கேட்டபோது ஏதோ சொல்லித் தள்ளிப்போட்டார். போன வருடம் அவள் மாமியார் தவறிவிட்டார். இப்போது தள்ளிப்போடக் காரணம் இல்லை. வருகிற சனிக்கிழமை கிரேஸ் வருகிறாள். புதுச் செருப்பு வாங்கிவிட்டாள்.

அந்த ஒன்பது குறிப்புகளையும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். எந்த மெட்ரோவில் ஏறி எங்கே மாற வேண்டும் என்று ஓரத்தில் எழுதினேன். பிறகு, இந்தக் கதையில் நான் வெட்கப்படும் இடம் இதுதான், பதினோராவதாக ஒரு குறிப்பை வாயால் சொன்னேன்.

"இல்லாததைக் கேட்டாங்கன்னா மெட்ரோவுக்காக இடிச்சுட்டாங்கன்னு சொல்லிடுங்க. இந்த ஊர்ல யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

4*

சனிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு முதல் போன். லால்பாகிலிருந்து. குரலே வேறாக இருந்தது. பாறை சூடாகவில்லை, நீங்கள் சொன்னது சரி என்றார். கிரேஸ் பாறை மேல் ஏறி நின்று, இதைவிட நம்ம ஊர் தங்கச் சுரங்கத்து சயனைடு மண் மேடே பெரிசு என்றாளாம். அவள் சொல்லச் சொல்ல இவர் முதல்முறையாக அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பின்னால் அவள் குரல் கேட்டது: "யாருகிட்ட பேசினு இருக்க? ஆபீசா? லீவு நாள்லயும் உடமாட்டாங்களா?"

அந்த ஆபீஸ் நான்தான்.

பன்னிரண்டரைக்கு இரண்டாவது போன், கமர்ஷியல் ஸ்ட்ரீட்டிலிருந்து, மெல்லிய குரலில். நீலக் கதவு கேட்டாள், மெட்ரோ என்றேன், போனால் போகட்டும் என்று பக்கத்துக் கடையில் நுழைந்துவிட்டாள் என்றார். பெண்ணுக்குச் சுடிதார், எதிர் வீட்டு சந்திரம்மாவுக்கு நைட்டி, தனக்கு ஒரு கைப்பை. விலை கேட்டுவிட்டு முகம் சுளிக்காமல் நகரச் சொன்னீர்களே, அவள் நகரவே இல்லை, கடைக்காரரோடு தங்கவயல் பேச்சு பேசி உட்கார்ந்துவிட்டாள், அவர் மாமனாரும் அங்கே மாரிக்குப்பமாம் என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

என் குறிப்புகள் பலிக்கின்றன என்று நானும் சந்தோஷமாகச் சாப்பிட உட்கார்ந்தேன். சந்தோஷ முடிவு எழுதுவதில் எனக்கு இருபத்தைந்து வருடப் பழக்கம்.

* இந்தப் பகுதியை நேரில் பார்த்தது போல எழுதலாமா என்று யோசித்தேன். பாறையையும் கைப்பையையும் நன்றாகவே வர்ணித்திருப்பேன். ஆனால் பார்க்காததைப் பார்த்ததாக எழுதியதால் வந்த வினையைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

5

மூன்றரைக்கு மூன்றாவது போன்.

அல்சூர் ஏரிக்கரை. பின்னால் பஸ் ஹாரன்.

"நீங்க சொன்ன மாதிரியே சொல்லிட்டேன் மேடம். மெட்ரோவுக்கு எடுத்துட்டாங்கன்னு."

"நம்பினாங்களா?"

"நம்பிட்டா. அதான் பேஜாரு."

எந்த இடம் என்று கிரேஸ் கேட்டிருக்கிறாள். ஏதோ ஒரு காம்பவுண்டுச் சுவரைக் காட்டியிருக்கிறார். அவள் ரோட்டைக் கடந்து போய் அதன் முன்னால் நின்றாள். ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டாள். காட்டினார். கடை எப்போது போனது என்று கேட்டாள். போன வருடம் என்றார். வாயில் வந்ததைச் சொன்னார்.

"'ரெண்டு வருசம் முன்ன நான் வர்றேன்னு சொன்னேனே, அப்பவே கூட்டினு வந்திருந்தா அந்தச் சேருல ஒரு தபா உக்காந்திருப்பேன் இல்ல?'ன்னு கேக்குறா மேடம். அழுவல. செவுத்தத் தொட்டுப் பாத்தா. அவ்ளோதான்."

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன். அவரே தொடர்ந்தார்.

"சோளம் வாங்கினு வர்றேன்னு அந்தாண்ட போயிருக்கா. நான் இந்த ஊர்ல ஒண்ணுமே பாத்ததில்லன்னு சொல்லிட்டா, அவ ராத்திரி ராத்திரி முழிச்சினு கேட்டதெல்லாம் இல்லன்னு ஆயிடும். சொல்லலன்னா, இல்லாத கடைக்கு லேட்டா வந்துட்டோம்னு கடைசி வரைக்கும் நெனச்சினு இருப்பா. எது மேடம் பாவம்?"

பிறகு அவர் கேட்டார்:

"நீங்கதான எழுதுறவங்க. நான் இன்னா சொல்லட்டும்?"

6

முடிவு ஒன்று. கிரேஸுக்கு எல்லாம் முன்பே தெரியும். அவளும் அந்த இதழைப் படித்தவள்தான். கணவன் வாயால் கேட்க வேண்டுமென்றே தெரியாதது போல இருந்தாள். இதை மூன்று நாவல்களில் எழுதியிருக்கிறேன், வாசகர்கள் கண்ணீரோடு கடிதம் போடுவார்கள். ஆனால் தெரிந்தவள் சுவரைத் தொட்டுப் பார்க்கமாட்டாள். அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு. அவர் உண்மையைச் சொல்கிறார். அவள் ஒரு கணம் திகைத்து, பிறகு சிரித்து, அவர் தோளில் சாய, ஏரியின் மேல் சூரியன் மெல்ல—

மணி மூன்றரைதான் ஆகிறது. சூரியன் இன்னும் மேலேதான் இருக்கிறது. அதோடு, அவள் சிரிப்பாள் என்று எனக்கு யார் சொன்னது? இத்தனை வருடம் இரவு ஒன்பது மணிக்கு எதிரில் உட்கார்ந்து கேட்டவள். அவன் பார்த்த ஊரை நானும் பார்த்தேன் என்று நினைத்திருந்தவள். கோபம் வந்தால் நியாயமான கோபம். அதே ரயிலில் வேறு பெட்டியில் ஏறினாலும் ஏறுவாள்.

முடிவு மூன்று. அவர் சொல்லவில்லை. இரண்டு பேரும் சோளம் சாப்பிடுகிறார்கள். சாயங்கால ரயிலில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைக்கிறது. வழியில் பங்காரப்பேட்டை வரை அவள் வெளியேதான் பார்த்துக்கொண்டு வருகிறாள். இந்த முடிவுக்கு ஒரு வார்த்தைகூட நான் எழுத வேண்டியதில்லை, அது தானாகவே நடந்துவிடும். அதனால்தான் பயமாக இருக்கிறது.

எத்தனை கணவர்களுக்கு நான் வசனம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்க, திரும்பக் கூப்பிட, ஒரே வரியில் இருபது வருடத்தைச் சரிசெய்ய. அவர்கள் எல்லாரும் நான் கட்டிய கடையில், நான் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். இவர் நிஜமான ஏரிக்கரையில் வெயிலில் நிற்கிறார்.

7

"மேடம், இருக்கீங்களா?"

இருக்கிறேன் என்றேன். உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அது சரியான யோசனையா, என் மனச்சுமையை இறக்கி அவர் தலையில் வைப்பதா என்று தெரியவில்லை.

"வந்துட்டா. ரெண்டு கையிலயும் சோளம். கார் வந்துனே இருக்குது, க்ராஸ் பண்ணத் தெரியாம அந்தப் பக்கமே நிக்குறா."

போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். போகிறேன் என்றார். ஆனால் போனை வைக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது, துணி உரசும் சத்தம் கேட்கிறது, பஸ்கள் கேட்கின்றன. ரோட்டின் நடுவில் "நில்லு நில்லு, இப்ப வா" என்கிறார். அவள் ஏதோ சொல்கிறாள், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

இதைப் படிக்கிற நீங்கள் யாரையாவது காக்க வைத்திருப்பீர்கள். அல்லது யாருக்காவது காத்திருந்திருப்பீர்கள். என்னைவிட உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. இரண்டு பேரும் கரைக்கு வந்துவிட்டார்கள். அவருக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும்.

சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள், அவள் பக்கத்தில் இருக்கிறாள்.