கதவுக்கு மேலே விரிசல்

எங்கள் கேரவனின் கதவுக்கு மேலே, ஃபைபர் சுவரில் மெல்லிய விரிசல்கள் ஓடியிருந்தன. "எல்லாம் உன் கைவரிசை. கதவைப் படார்னு சாத்துறதே நீதான்," என்று அண்ணன் மூன்று மாதமாக அண்ணியைக் குத்திக் காட்டிக்கொண்டிருந்தான். அவளும் பாவம், பூனை நடப்பதுபோலக் கதவைச் சாத்திப் பழகியிருந்தாள்.

பழுதுபார்க்க வந்த ஃபைபர்காரர், விரிசல் மேலும் ஓடாமலிருக்க அதன் முனைகளில் சின்னதாகத் துளையிட்டார். பிறகு ஒவ்வொரு கோட்டையும் விரலால் பின்னோக்கித் தடவிப் போனார். எல்லாம் ஒரே இடத்தில் போய் முடிந்தன. வெயில் மறைப்பை மாட்ட அண்ணன் பலங்கொண்ட மட்டும் முறுக்கியிருந்த திருகாணி அது.

அண்ணன் அவரைக் கண்ணாலேயே கும்பிட்டான்.

"கதவு மேல தப்பில்லம்மா," என்றார் அவர். "வெயில் பண்ணின வேலை."

அண்ணியும் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஓ! வெயிலுக்குத் திருகாணி முறுக்கத் தெரியுமா?"

அண்ணன் தலையைச் சொறிந்தான். "நான்தாம்மா முறுக்கினேன். உன்னைச் சொன்னது தப்பு."

"இந்தாங்க, தேயுங்க," என்று அவள் உப்புத்தாளை நீட்டினாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஃபைபர்காரர் பெருமூச்சு விட்டார். "அப்பாடா! நான் சொன்ன பொய் பலிக்கல. ஆண்டவன் கோவிச்சுக்க மாட்டான்."